கிழங்கு முதல் கஞ்சி வரை: மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள்

கல்வராயன் மலைச்சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றோடு மரவள்ளியும் விளைகிறது. குச்சிக்கிழங்கு என்றும் குச்சிவள்ளி என்றும் நம் வட்டாரத்தில் வழங்கும் இக்கிழங்கு, வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து லாரியேறி மலையிறங்குகிறது. சின்னசேலம், ஆத்தூர், சேலம் பகுதிகளிலுள்ள சேகோ ஆலைகள் அதை அரைத்து, மாவுச்சத்தைப் பிரித்தெடுத்து, ஜவ்வரிசியாகவும் கிழங்குமாவாகவும் மாற்றுகின்றன. அந்த மாவுச்சத்து பல வடிவங்களில் நம்மிடமே திரும்பி வருகிறது. நோயாளிக்குக் காய்ச்சும் ஜவ்வரிசிக் கஞ்சி அவற்றுள் ஒன்று. குளுக்கோஸ் பொடி, சத்துபானப் பொடி, மாத்திரையை உதிராமல் பிணைத்து வைக்கும் மாவு, நரம்பு வழியாக ஏற்றப்படும் குளுக்கோஸ் நீர் ஆகியவற்றுக்கும் கிழங்கு, மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுச்சத்தே மூலப்பொருள்.

மாவுச்சத்தை இப்படி உருமாற்றுவதில் பெரும்பங்கு வகிப்பவை நொதிகள். ஆலையில் செயல்படும் அதே வகை நொதி நம் உமிழ்நீரிலும் உண்டு. முளைவிட்ட கேழ்வரகிலும் உண்டு. அதன் இயல்பைச் சற்று அறிந்துகொண்டால், நோயாளிக்கும் குழந்தைக்கும் எந்தக் கஞ்சியை எப்படிக் கொடுப்பது, கடையில் வாங்கும் பொடியின் உறையில் எதைப் படித்துப் பார்ப்பது, கிழங்கை எப்படிச் சமைப்பது என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

மாவுச்சத்தும் நொதியும்

பூமாலையில் பூக்கள் கோக்கப்பட்டிருப்பதுபோல, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் துகள்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே மாவுச்சத்து. இச்சங்கிலிகளில் இரு வகை உண்டு. பெரும்பாலும் கிளையின்றி நீள்வது அமைலோஸ். மரம்போல் கிளைத்துப் பரவுவது அமைலோபெக்டின். பச்சை மாவில் இவை இறுகிய மணிகளாக அடங்கிக் கிடக்கின்றன. நீரில் கலந்து சூடேற்றும்போது, மணிகள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருத்து, கலவை கூழாகிறது. கஞ்சி கெட்டிப்படுவது இதனால்தான்.

அமைலேஸ் என்னும் நொதி இந்தச் சங்கிலியை ஆங்காங்கே வெட்டிச் சிறு துண்டுகளாக்குகிறது. ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் இலேசான இனிப்பு தோன்றுவதை உணரலாம். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ், இனிப்பில்லாத மாவுச்சத்திலிருந்து மால்டோஸ் என்னும் சர்க்கரையைப் பிரிப்பதால் ஏற்படும் இனிப்பு அது. இரைப்பையின் அமிலம் இவ்வேலையைத் தடுத்து நிறுத்துகிறது. பின்னர்ச் சிறுகுடலில் கணையம் சுரக்கும் அமைலேஸ் அதைத் தொடர்கிறது. கடைசியாக, குடற்சுவரிலுள்ள நொதிகள் எஞ்சிய துண்டுகளைத் தனித்தனிக் குளுக்கோஸாக்கி இரத்தத்துக்கு அனுப்புகின்றன.

கடும் வயிற்றுவலியோடு வருபவருக்கு இரத்தத்தில் அமைலேஸ் அளவைப் பார்க்குமாறு மருத்துவர் எழுதுவதும் இதனோடு தொடர்புடையது. கணையம் அழற்சியுறும்போது அந்நொதி இரத்தத்தில் கசிந்து அளவு உயர்கிறது. நாட்பட்ட கணைய நோயில் நொதிச் சுரப்பே குறைந்துவிட்டவர்களுக்கு நொதி அடங்கிய மாத்திரைகள் தரப்படுகின்றன. அவை உணவோடு கலந்து செயல்பட வேண்டியவை. ஆதலால் மருத்துவர் கூறியபடி உணவுடன் சேர்த்தே உட்கொள்ள வேண்டும்.

அமிலத்திலிருந்து நொதிக்கு

மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வழியை 1811ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கிர்ச்சாஃப் என்னும் வேதியியலாளர் கண்டறிந்தார். மாவுச்சத்துக் கரைசலில் கந்தக அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்தபோது இனிப்பான பாகு கிடைத்தது. 1833ஆம் ஆண்டு பிரான்சில் பயென், பெர்சோ ஆகிய இருவரும், முளைவிட்ட பார்லியிலிருந்து மாவுச்சத்தைக் கரைக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்து, அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். தனியே பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி அதுவே.

அமிலம் கண்மூடித்தனமாக வெட்டும். வேண்டாத துணைப்பொருள்களையும் கசப்பையும் உண்டாக்கும். நொதியோ குறிப்பிட்ட பிணைப்பை மட்டுமே தேடி வெட்டும். எனவே, 1960களிலிருந்து குளுக்கோஸ் தயாரிப்பில் நொதிகள் அமிலத்தின் இடத்தைப் பிடித்தன. இன்றைய ஆலைகளில் இப்பணி இரு கட்டங்களாக நடக்கிறது. முதலில், பாக்டீரியாவிலிருந்து பெறப்படும், வெப்பத்தைத் தாங்கும் அமைலேஸைச் சேர்த்து, மாவுக் கரைசலை ஏறத்தாழ 95 முதல் 105 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். கெட்டியான கூழ் நீர்போல் இளகிவிடுகிறது. வெட்டுதலை இந்நிலையில் நிறுத்தினால் கிடைப்பது மால்டோடெக்ஸ்டிரின். தொடர்ந்து 60 பாகை அளவுக்கு ஆறவிட்டு, பூஞ்சையிலிருந்து பெறப்படும் குளுக்கோஅமைலேஸ் என்னும் மற்றொரு நொதியைச் சேர்த்து ஒன்றிரண்டு நாள் வைத்தால், மாவுச்சத்தில் 95 சதவீதம் வரை குளுக்கோஸாக மாறிவிடும். இடைப்பட்ட நிலைகளில் கிடைக்கும் பாகுகள் மிட்டாய், பிஸ்கட், ஐஸ்கிரீம் தயாரிப்பில் பயன்படுகின்றன.

நம் பகுதியின் சேகோ தொழில் இந்த நொதி முறையைவிட எளிமையானது. இரண்டாம் உலகப்போரின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபின், 1940களில் சேலத்தில் மரவள்ளியைக் கொண்டு அத்தொழில் வேரூன்றியது. 1981ஆம் ஆண்டு சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023ஆம் ஆண்டு சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைத்து, மாவுப்பாலை வடிகட்டித் தொட்டியில் படியவைத்து, ஈரமாவைக் குலுக்கி மணிகளாக்கி, சூடான தட்டில் வறுத்து உலர்த்துவதே ஜவ்வரிசி. வடிகட்டியபின் மிஞ்சும் சக்கையைத் திப்பி என்பர். உலர்ந்த திப்பியிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்தே எஞ்சியிருக்கும். நொதிகளைக் கொண்டு அதைக் கரைத்துச் சர்க்கரையாகவும் எரிசாராயமாகவும் மாற்றும் ஆய்வுகள் பல இடங்களில் நடந்துள்ளன.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வருமா?

நொதியின் உதவியால் கிடைக்கும் தூய குளுக்கோஸே டெக்ஸ்ட்ரோஸ் என்ற பெயரில் மருத்துவமனைக்கு வருகிறது. "உடம்பு சோர்ந்து கிடக்கிறது, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று குடும்பத்தினர் கேட்பது வழக்கம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நீர் 500 மில்லிலிட்டரில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். அது தரும் ஆற்றல் 100 கலோரியைத் தாண்டாது. ஏறக்குறைய இரண்டு சிறிய இட்லிகளுக்குச் சமம். அதில் புரதம் இல்லை, உயிர்ச்சத்தும் இல்லை. வாயால் உண்ண முடியாதபோதும், நீரிழப்பின்போதும், இரத்தச் சர்க்கரை தாழ்ந்தபோதும் அது உயிர்காக்கும் மருந்து. வாயால் உண்ணக்கூடியவருக்கு நல்ல உணவே தெம்பு.

ஜவ்வரிசிக் கஞ்சியும் இவ்வகையில் எண்ணிப்பார்க்கத்தக்கது. அது எளிதில் செரிக்கும், வயிற்றுக்கு இதமானது. ஆனால் அது ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்தே. புரதம் மிகமிகக் குறைவு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதற்கும், காசநோயிலிருந்து தேறுவதற்கும் புரதம் தேவை. எனவே நாள்தோறும் வெறும் ஜவ்வரிசிக் கஞ்சியையே தராமல், மருத்துவர் விலக்கியிராத நிலையில், பாசிப்பருப்பு, பால், முட்டை, வறுத்த நிலக்கடலைப் பொடி ஆகியவற்றில் ஒன்றையேனும் உணவில் சேர்த்தல் நலம்.

கெட்டிக் கஞ்சியை இளக்கும் கேழ்வரகு

இணை உணவு தொடங்கிய குழந்தையின் தாய்க்கு ஒரு சங்கடம் நேர்கிறது. கஞ்சி கெட்டியாக இருந்தால் குழந்தை விழுங்க மறுக்கிறது. நீர் ஊற்றி இளக்கினால் வயிறு நிறைகிறதே தவிர உடல் தேறுவதில்லை. நூறு மில்லிலிட்டர் கஞ்சியில் 5 கிராம் மாவு இருந்தால் கிடைப்பது ஏறக்குறைய 17 கலோரி. 20 கிராம் இருந்தால் ஏறக்குறைய 67 கலோரி. குழந்தையின் சிறு வயிறு கொள்ளும் அளவோ ஒன்றுதான். முதியோருக்கும் உடல்மெலிந்த நோயாளிகளுக்கும் இச்சிக்கல் உண்டு.

இதற்கான விடை முளைகட்டிய தானியத்தில் இருக்கிறது. விதை முளைக்கும்போது தன் மாவுச்சத்தைக் கரைத்து உண்பதற்காக அமைலேஸைத் தானே உற்பத்தி செய்கிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் மல்லேசி, தேசிகாச்சார் ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயற்றையும் கொண்டு, கெட்டிப்படாத குழந்தை உணவை உருவாக்கினர். அதே பத்தாண்டில் பரோடாவிலுள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் தாரா கோபால்தாசும் அவருடைய குழுவினரும், சிறிதளவு முளைத்தானிய மாவே கெட்டிக் கஞ்சியை இளக்கப் போதும் என்பதை எடுத்துக்காட்டினர்.

வீட்டில் இதைச் செய்வது கடினமன்று. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒன்று முதல் இரண்டு நாளில் முளைவிடும். வெயிலில் நன்கு உலர்த்தி, வேர்முளைகளைத் தேய்த்து நீக்கி, மிதமான சூட்டில் இலேசாக வறுத்து அரைத்துக்கொள்ளலாம். கருகும்படி வறுத்தால் நொதி அழிந்துவிடும். பூசணம் பிடித்த தானியத்தைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

வழக்கமான மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்கி, கொதி அடங்கிச் சற்று ஆறியபின் இம்மாவில் ஒரு தேக்கரண்டியைச் சேர்த்துக் கிளற வேண்டும். கொதிக்கும்போதே சேர்த்தால் நொதி உடனே செயலிழக்கும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில், நீர் சேர்க்காமலே கஞ்சி இளகுவதைக் காணலாம். அதன்பின் ஒருமுறை மீண்டும் கொதிக்கவைப்பது கட்டாயம்; முளைகட்டும்போது பெருகியிருக்கக்கூடிய கிருமிகள் அதனால் அழியும். ஆறவைத்து உடனே ஊட்ட வேண்டும். இதற்குச் சோளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சோள முளையில் நச்சுத்தன்மை உண்டு. கேழ்வரகே உகந்தது. அங்கன்வாடியில் வழங்கப்படும் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு பங்காகச் சேர்க்கப்படுகிறது.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இதுவும் வேண்டாம். அப்பருவத்தில் கணையத்தின் அமைலேஸ் சுரப்பு மிகக் குறைவு. தாய்ப்பாலே முழு உணவு.

விழுங்கச் சிரமப்படுவோருக்கு ஓர் எச்சரிக்கை

பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குத் தண்ணீர் போன்ற நீர்த்த பானம் மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். நுரையீரல் அழற்சிக்கும் அது வழிவகுக்கும். அத்தகையோருக்குப் பானத்தைக் குறிப்பிட்ட அளவு கெட்டியாக்கித் தருமாறு மருத்துவர் அல்லது விழுங்குதல் பயிற்சியாளர் அறிவுறுத்துவார். மாவுச்சத்தைக் கொண்டு கெட்டியாக்கிய பானத்தில், குழந்தைக்கு நன்மை செய்த அதே நொதி இங்கே தீங்காகிறது.

நோயாளியின் வாயில் வைத்த கரண்டியை மீண்டும் கிண்ணத்தில் இட்டால், அதில் ஒட்டிய உமிழ்நீர் கஞ்சியில் கலக்கிறது. அமைலேஸ் சில நிமிடங்களிலேயே கஞ்சியை நீர்க்கச் செய்கிறது. தொடக்கத்தில் பாதுகாப்பாக இருந்த உணவு, ஊட்டி முடிப்பதற்குள் ஆபத்தானதாக மாறக்கூடும். எனவே ஒருவேளைக்கு வேண்டியதைச் சிறுசிறு பகுதியாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள். எச்சில் கரண்டி பெரிய பாத்திரத்துக்குள் போகக்கூடாது. மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. ஊட்டும் இடையிலும் கெட்டித்தன்மையைக் கவனியுங்கள். சாந்தன் பசை போன்ற பொருள்களைக் கொண்ட கெட்டியாக்கிகளை அமைலேஸ் வெட்டுவதில்லை. எது பொருத்தம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்தே ஊட்ட வேண்டும்.

இனிக்காத சர்க்கரை

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது மால்டோடெக்ஸ்டிரின். மாவுச்சத்தை நொதி பாதி வெட்டிய நிலையில் கிடைக்கும் இப்பொடியில் இனிப்புச் சுவை மிகக் குறைவு. ஆனால் வேலையில் பெரும்பகுதியை ஆலை நொதி முன்கூட்டியே முடித்துவிட்டதால், நம் உடலில் அது விரைவாகக் குளுக்கோஸாகி இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று எழுதிய சத்துபானப் பொடியிலும் அது இருக்கலாம். உறையின் பின்புறமுள்ள சேர்மானப் பட்டியலில் மால்டோடெக்ஸ்டிரின், டெக்ஸ்ட்ரோஸ், திரவ குளுக்கோஸ் என்ற பெயர்கள் முதல் சில இடங்களில் இருந்தால், அப்பொருள் நமக்கு ஏற்றதா என்று மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டபின் வாங்குங்கள். ஐ.என்.எஸ். 1405 என்ற எண் நொதியால் மாற்றப்பட்ட மாவுச்சத்தைக் குறிக்கும். அது அனுமதிக்கப்பட்ட சேர்பொருளே, அஞ்ச வேண்டியதில்லை. அதுவும் மாவுச்சத்துதான் என்பதை நினைவில் கொண்டால் போதும்.

குடற்சுவரின் நொதிகளைத் தடுத்து, சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. அகார்போஸ், வோக்ளிபோஸ் ஆகியன அவ்வகையின. இவற்றை இன்சுலினுடனோ வேறு சில நீரிழிவு மாத்திரைகளுடனோ சேர்த்து உட்கொள்பவருக்குத் தாழ்சர்க்கரை ஏற்பட்டு வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றினால், வீட்டுச் சர்க்கரையோ வெல்லமோ விரைந்து பயன்தராது. அவற்றை உடைக்க வேண்டிய நொதி தடைபட்டிருக்கிறது. குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுப்பதே சரியான முதலுதவி. நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இத்தகைய மருந்து உண்போர் வீட்டில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் பொடி எப்போதும் இருக்கட்டும்.

கிழங்குக்குள் உள்ள நொதி

மரவள்ளிக்கென்று தனி நொதி ஒன்றும் உண்டு. லினமாரின் என்னும் பொருளும், அதை உடைக்கும் லினமாரேஸ் என்னும் நொதியும் கிழங்கின் உயிரணுக்களில் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கிழங்கு நசுங்கும்போதோ அரைபடும்போதோ இரண்டும் கலந்து, சயனைடு நச்சு வெளிப்படுகிறது. இலையிலும் தோலிலும் இது மிகுதி. கசப்பு வகைக் கிழங்குகளிலும் மிகுதி. ஆடுமாடுகள் மரவள்ளித் தழையையும் தோலையும் தின்று மடிவது இதனால்தான்.

சயனைடு நீரில் கரையும், வெப்பத்தில் ஆவியாகும். எனவே கிழங்கைச் சமைக்கும் முறையிலேயே பாதுகாப்பு அமைந்திருக்கிறது. வெளித்தோலோடு உள்தோலையும் முற்றாக உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, நிறையப் புதுநீர் ஊற்றித் திறந்த பாத்திரத்தில் நன்கு வேகவைத்து, வேகவைத்த நீரையும் வடித்துவிட வேண்டும். பச்சைக் கிழங்கைக் குழந்தைகள் கடித்துத் தின்ன விடக்கூடாது. கசக்கும் கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். ஆலைக்கென்று பயிரிட்ட கிழங்கு உண்ண உகந்ததா என்பதைப் பயிரிட்டவரிடம் கேட்டறியுங்கள். கிழங்கு உண்டபின் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் இவற்றில் எது தோன்றினாலும் நாட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்; என்ன உண்டார், எவ்வளவு உண்டார், எப்போது உண்டார் என்பதையும் தெரிவியுங்கள். மலைக்கிராமங்களிலிருந்து வருவோருக்கு வழித்தொலைவு மிகுதி. தாமதம் சிறிதும் கூடாது.

நொதி நன்மையோ தீமையோ அறியாது. தனக்குரிய பிணைப்பைக் கண்டால் வெட்டும். எங்கே அதை வேலை செய்யவிட வேண்டும், எங்கே தடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர் கையில்தான் அதன் பயன் இருக்கிறது. அடுப்படியில் கஞ்சி காய்ச்சுபவரும் நோயாளியின் அருகிலிருந்து ஊட்டுபவரும் இவற்றை அறிந்திருப்பது, மருத்துவர் தரும் சிகிச்சைக்குப் பெருந்துணை. ஐயம் எழுந்தால், அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, நோயாளி என்ன உண்கிறார் என்பதைத் தயங்காமல் விரிவாகச் சொல்லுங்கள். உறையோடு வாங்கிய பொடி இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.